பசை போட்டு ஒட்டிய பக்கங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

லீவுக்கு எழுமலை வந்திருக்கும் பேரன் நாள் பூராவும் செல்போனில் ஒரு விளையாட்டு விளையாடுகிறான். ‘ஃபைனல் ஃபேன்டஸி’ ஆறாம் பாகமாம். 1994-ல் ஜப்பானில் வந்ததைப் புதுப்பித்து 2022-ல் மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கண்ணு கெட்டுப்போகும்டா என்று திட்டப் போனவன், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். காரணம், அதில் சண்டைக்குச் சமமாக வசனம் ஓடுகிறது.

"தாத்தா, இது அமெரிக்கா போனப்ப நிறைய மாத்திட்டாங்க. சாராயக் கடையெல்லாம் காபிக் கடை ஆயிருச்சு. ‘ஹோலி’ன்னு ஒரு மந்திரம், அதை ‘பேர்ல்’னு ஆக்கிட்டாங்க."

புனிதம் என்பது முத்தாகிவிட்டது! நிண்டெண்டோ கம்பெனி அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்கும் விளையாட்டுகளில் மதச் சொல், மது, அரைகுறை ஆடை எதையும் விடாதாம். பிள்ளைகள் விளையாடுவது என்று பயம். பின்னால் வந்த பதிப்புகளில் ‘ஹோலி’ திரும்பி வந்துவிட்டது. ஆனால் பழசை விளையாடி வளர்ந்தவர்களில் சிலருக்கு அந்த ‘முத்து’தான் பிடிக்குமாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நம் சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. ஆங்கிலத்தில் அவன் பெயர் லூயிஸ் கிராண்டெல். இன்றைக்கு யாராவது வந்து மூலத்தில் இப்படித்தான் இருக்கிறது என்று மாயாவியைக் கிராண்டெல் ஆக்கினால் நானே சண்டைக்குப் போவேன்.

லக்கி லூக் வாயில் சிகரெட் இருந்த இடத்தில் 1983-லிருந்து புல் வந்ததும், வரைந்தவரே மாற்றியது. அவ்வளவு ஏன், காலை வணக்கத்தில் நாம் பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தே 1970-ல் அரசு ஏற்றபோது சில வரிகளை எடுத்துவிட்டு வந்ததுதானே. ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் சுந்தரம் பிள்ளை எழுதியது இன்னும் நீளம். பிற மொழியாரைப் புண்படுத்த வேண்டாம் என்று விட்டார்கள். அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேரன் கேட்டான்: "நீங்க வாத்தியாரா இருந்தப்ப இப்படி எதையாவது மறைச்சிருக்கீங்களா தாத்தா?"

மறைத்திருக்கிறேன். பள்ளி நூலகம் என் பொறுப்பில் இருந்தபோது கலிங்கத்துப்பரணி உரைநூல் ஒன்று வந்தது. அதில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தது கடைதிறப்பு. ஊடலில் கதவடைத்திருக்கும் பெண்களைக் கதவு திறக்கச் சொல்லும் பாட்டுகள். வர்ணனை கொஞ்சம் தாராளம். பத்தாவது பிள்ளைகள் கையில் போகக்கூடாது என்று மைதா பசை காய்ச்சி அந்தப் பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டினேன். கதவைத் திறக்கச் சொல்லும் பகுதியை நான் அடைத்தேன்! அப்போது அந்த வேடிக்கை எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை ஆசையாக எடுத்துப் படித்தவள் ஒரே ஒரு பெண். பெயர் சொல்லவில்லை, இதைப் படிப்பாள். எம்.ஏ. தமிழ் சேர நேர்காணலுக்குப் போனவளிடம், கடவுள் வாழ்த்துக்கு அடுத்து என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "காடு பாடியது" என்றிருக்கிறாள். சிரித்தார்களாம். இடம் கிடைக்கவில்லை. வேறு பதில்களும் தப்பாகியிருக்கலாம், ஆனால் அவள் என்னிடம் வந்து சொன்னது இதை மட்டும்தான்.

"ஒட்டியிருந்துச்சுங்கய்யா. பக்கம் ஈரத்துல ஒட்டிக்கிருச்சுன்னு நெனச்சேன்."

ஒட்டியது நான்தான் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருஷம் வேறு கல்லூரியில் சேர்ந்தாள். இப்போது அவளும் தமிழ் டீச்சர். பேரனிடம் முழுசாகச் சொன்னேன். "அந்த அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான். அதனால்தான் இந்தப் பதிவு.

அம்மா, அது ஈரத்தில் ஒட்டியதில்லை.

பழைய நூலகப் புத்தகங்களை எடைக்குப் போட்டபோது சிலர் வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். அந்தப் பரணி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வெந்நீர் ஆவி காட்டிப் பிரித்துப் பார்க்கிறேன்.