காவோலை தெரிந்த படம்

டிசம்பர் கடைசியில் எங்கள் நண்பர் வட்டம் கூடும்போது ஆளுக்குப் பத்துப் படம் கொண்டுவர வேண்டும். அந்த வருஷம் எடுத்த நிலக்காட்சிகள் மட்டும். செல்போனில் காட்டக் கூடாது. லேபில் கொடுத்து 12க்கு 8 அளவில் பிரிண்ட் போட்டுத்தான் வர வேண்டும். இதைவிட முக்கியமான சட்டம் ஒன்று உண்டு. படம் கைமாறி எல்லோரும் பேசி முடிக்கும்வரை, எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. எந்த ஊர், எத்தனை மணிக்கு எழுந்தேன், அட்டை எங்கே கடித்தது, எதுவும் சொல்லக் கூடாது.

அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் படம் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

போன டிசம்பரில் என் பத்துப் படங்களில் முதலாவதாக இருந்தது கொழுக்குமலைச் சூரிய உதயம். சூரியநெல்லியில் இருட்டோடு ஜீப் பிடித்து, எலும்பெல்லாம் குலுங்க ஏறி, 8,000 அடியை நெருங்கும் உயரத்தில் விரல் விறைக்க நின்று எடுத்தது. நண்பர்கள் “நல்லா இருக்கு” என்று சொல்லி நகர்த்திவிட்டார்கள். நல்ல படம்தான், அதை இப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் ஜீப்பும் குளிரும் என் உடம்பில் இருந்தன, தாளில் இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட், எடுத்த ஃபிலிமைக் கழுவாமல் நெடுநாள் போட்டு வைத்திருப்பார். எடுத்த அன்றைய மனநிலை, தேர்ந்தெடுக்கும்போது குறுக்கே வரக் கூடாது என்பது அவர் எண்ணம். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத சுருள்களே 2,500 அளவுக்கு இருந்தன. எனக்கு அந்த இடைவெளியைத் தருவது நண்பர்களின் கண்.

மற்றவர் படத்தைப் பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். “சூப்பர்” என்பது எங்களிடையே செல்லாது. கண் முதலில் எங்கே போனது, எங்கே நின்றது, அதைச் சொல்ல வேண்டும். ஒரு நண்பர் வேதாரண்யம் உப்பளத்தை எடுத்திருந்தார். ஒரு பாத்தியில் தண்ணீர், அடுத்ததில் பாதி உறைந்த உப்பு, அதற்கடுத்து வெறும் வெள்ளை. எனக்குக் கண் அந்த வெள்ளையில் நிற்கவில்லை. வலது மூலையில் கீற்று போட்டு மூடியிருந்த உப்புக் குவியலில் போய் நின்றது. மழை வரப்போகிறது, வேலை முடியப்போகிறது என்று படம் முழுவதுக்கும் ஒரு நேரத்தைக் கொடுத்தது அந்தக் கீற்றுதான். சொன்னேன். அவர் முறை வந்தபோது, அந்தக் குவியலை வெட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வெட்டாமல் கொண்டுவந்ததற்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

அன்றைக்கு எல்லோர் கையிலும் அதிக நேரம் இருந்த என் படம், பத்தாவதாக வைத்திருந்த தேரிக்காடு. உடன்குடிப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், சாயங்கால வெயிலில் எடுத்தது. சிவந்த மணல் மேடு, நாலைந்து பனை, அவ்வளவுதான். அந்த மண்ணை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்து வந்த சிவப்பு அது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால், பிரேம் முழுக்க ஒரே நிறம் இருப்பதைக் கோளாறு என்று கேமரா எடுத்துக்கொண்டு, சிவப்பை மங்கடித்துப் பழுப்பாக்கிவிடும். டேலைட்டில் வைத்தால் நிறம் நிற்கும், ஆனால் சிவப்பு மட்டும் எகிறிப்போய் மணலின் வரிகள் அழிந்துவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தேன். பிரிண்டிலும் லேபைப் படுத்தி மறுபடி மறுபடி போடச் சொன்னேன். புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த ஒற்றை நிலவுப் படத்தை வாழ்நாளெல்லாம் பிரிண்ட் போட்டு, வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார் என்பது நினைவுக்கு வந்தால் இந்த அலைச்சல் பெரிதாகத் தெரிவதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பிரிண்டைப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். சின்ன வயதில் பனை ஏறியவர். நெஞ்சிலும் முன்கையிலும் இன்னும் காய்ப்பு இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எய்யா, இது ஆனி மாசந்தான?”

“எப்படிப் பெரியப்பா கண்டுபிடிச்சீய?”

“ஓலை சாஞ்ச பக்கமே நிழலும் விழுது. மேக்காத்துல்லா. மண்ணும் பறக்கு. மழைக் காலம்னா மண்ணு படிஞ்சில்லா கெடக்கும்.”

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, என் கேமராவுக்குள் தூசியாகப் புகுந்ததோடு சரி என்றுதான் நினைத்திருந்தேன். அது படத்திலும் இருந்திருக்கிறது. பிறகு பெரியப்பா விரலை மரங்களின்மேல் வைத்தார். “இந்த மரமெல்லாம் ஏறி வருசக் கணக்காச்சு. காவோலை அப்படியே தொங்குது பாரு. ஏறுத மரம்னா கழுத்து சுத்தமா இருக்கும்.”

நான் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியதே காவோலைக்காகத்தான். காய்ந்த ஓலைகள் அடுக்கடுக்காகத் தொங்கியதில் வெயில் பட்ட அழகுக்காக. ஏற ஆளில்லாமல் போனதன் அடையாளம் அது என்று அவர் சொன்ன பிறகும் அந்த அழகு எனக்குக் குறையவில்லை. பக்கத்திலேயே ஒரு வலியும் சேர்ந்துகொண்டது. மூணாறு, ஊட்டி என்று எத்தனையோ பேரின் படங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். என் படத்தை எனக்கே இவ்வளவு பக்கத்தில் காட்டியவர் வேறு யாருமில்லை. இனி எடுக்கிற படங்களில் முதல் பிரிண்ட் அந்த மண்ணில் வேலை செய்தவர் கைக்குப் போகும் என்று தீர்மானித்திருக்கிறேன்.

கடைசியில் இடக்கோடியில் தனியாக நின்ற பனையைத் தட்டினார். “இது ஒண்ணுதான் ஏறுன மரம்.” பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கழுத்து சுத்தமாக இருந்தது. பாளைக்குக் கீழே கடுகளவு ஒரு புள்ளி, கட்டிவிட்ட கலயம்.

அந்த மரத்தில் ஏறுபவர் யாரென்று விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பங்குனியில் பதநீர் இறங்கும்போது பெரியப்பாவும் நானும் போகிறோம். டிசம்பர் கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிட்டாயிற்று. வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், வாய் மூடி உட்காரும் சட்டம் தனக்குக் கிடையாது என்ற நிபந்தனையோடு.