அழிக்காத கணக்கு

பத்து வருசம் சென்னையில ஜாவா எழுதிட்டு ஊருக்குத் திரும்பினவன் நான். "புது புரோகிராமிங் மொழி கத்துக்கிட்டா நம்ம யோசனை மாறுமா?"ன்னு பழைய ஆபீஸ் நண்பர் போன வாரம் போன்ல கேட்டார். சிந்தனையை மாற்றாத மொழியைக் கற்பது வீண் என்ற பொருளில் ஆலன் பெர்லிஸ் என்ற கணினி அறிஞர் 1982-லேயே எழுதியிருக்கிறார். எனக்குச் சொல்ல ஒரு மஞ்சள் வெட்டுக் கதைதான் இருக்கு.

போன வருசம் மாசியில மஞ்சள் வெட்டு. ஆளுங்களுக்குக் கொடுத்த முன்பணத்தை எக்செல்ல வச்சிருந்தேன். ஒருத்தருக்கு ஒரு கட்டம். கூலியில கழிச்சா பழைய எண்ணை அழிச்சுட்டுப் புது மீதியைப் போடுவேன். கணக்கு முடிக்கிற அன்னிக்கு ஒரு அக்கா பேருக்கு நேரா 3,000 நின்னுது.

"பொங்கலுக்கு முன்னாடியே கழிச்சுட்டீங்களே தம்பி."

"இதுல அப்படி இல்லீங்கக்கா"ன்னு எல்லார் முன்னாடியும் லேப்டாப்பைக் காட்டினேன். அவங்க மிச்சக் கூலியை வாங்கிட்டுப் பேசாம போயிட்டாங்க.

ஐப்பசி மழையில வேலை இல்லாதப்ப ஹாஸ்கெல் படிச்சேன். 1990-ல் வந்த மொழி. ஜாவாவில் ஒரு பெயரில் 10 இருந்தால் அதையே 11 ஆக்கிவிடலாம். பழைய 10 போன தடம் இருக்காது. ஹாஸ்கெல்லில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கொடுத்ததுதான். மாற்றம் வேணும்னா பழசை வச்சுப் புதுசா ஒண்ணு உண்டாக்கணும். முதல் வாரம் கையைக் கட்டிப்போட்ட மாதிரி எரிச்சல். அப்புறம் ஒரு ராத்திரி அந்த 3,000 ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட மீதி இருந்துச்சு, அது வந்த வழி இல்ல.

காலையில சீட்டுக் குத்துற கம்பியை அலசினேன். மார்கழி மாசத்து காலண்டர் தாள் ஒண்ணு, பின்னால என் கையெழுத்து: முன்பணம் 3,000 கழித்தது. கட்டத்தை மாத்த மறந்திருக்கேன்.

பணத்தை எடுத்துட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "காசு கெடக்குது தம்பி. நாலு பேர் முன்னாடி சொன்னீங்களே"ன்னாங்க. மறுநாள் களையெடுக்க வந்த எல்லார் முன்னாடியும் தப்பு என்னுதுன்னு சொன்னேன்.

எங்க ஆத்தா பால் கணக்கைச் சுவத்துல கரிக்கோடாப் போடுவாங்க. மாசம் முடியற வரைக்கும் ஒரு கோட்டையும் அழிக்க விடமாட்டாங்க. அதைப் பாத்து வளந்தவன்தான் நான்.

யோசனை மாறுச்சுன்னு நண்பர்கிட்ட சொன்னேன். இப்ப முன்பணக் கணக்கு நோட்டுல, வரி வரியா. தப்பா எழுதினாலும் அழிக்கிறதில்ல. கீழ இன்னொரு வரி எழுதி அக்காகிட்டயும் காட்டிடறேன்.