கதவைத் தட்டும் இசை

டிசம்பர் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளில் நட்சத்திர விளக்குகள் ஏறிவிடும். கேரல் பாட இளைஞர்கள் டிரம்மோடு கிளம்பிவிடுவார்கள். அந்த ஆரவாரம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை காத்திருப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறது; அதுதான் திருவருகைக் காலம். முதல் வாரத்திலேயே பிறப்பைப் பாடிவிட்டால் காத்திருப்பை எப்போது பாடுவது?

காத்திருப்புக்கென்றே ஓர் இசைப் படைப்பை இசையமைப்பாளர் பாக் எழுதியிருக்கிறார். 1714 டிசம்பர் 2, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஜெர்மனியின் வைமார் நகரில் அது முதலில் ஒலித்தபோது அவருக்கு வயது 29. அதன் மூலப்பாடல், நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோசியார் லத்தீனில் இயற்றியதை மார்ட்டின் லூத்தர் ஜெர்மனுக்குக் கொண்டுவந்தது.

அதே 1714இல்தான் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழில் நற்செய்தி நூல்களை அச்சிட்டார். அவர் படித்த ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த இன்னொரு மிஷனரிதான் நம் மயிலாடியில் 1809இல் ஆலயம் எழுப்பிய ரிங்கல்தௌபே. அந்த ஜெர்மன் ஊர்களின் பக்தியும் இசையும் நமக்கு அந்நியமல்ல.

பாக்கின் படைப்பு ராஜகம்பீரத்தோடு தொடங்குகிறது. பிரெஞ்சு அரசவையில் மன்னர் வரும்போது வாசித்த இசையின் நடையில் பாடகர் குழு மீட்பரை வரவேற்கிறது. நான் மறுபடி மறுபடி கேட்பது அதையல்ல, நடுவில் வரும் மிகச்சிறிய பகுதியை. ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கிவிடுகிறது. வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். டொக், டொக், டொக். அதன்மேல் ஒரே ஒரு பேஸ் குரல், வாசற்படியில் நின்று கதவைத் தட்டும் கிறிஸ்துவின் வார்த்தைகளைப் பாடுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரத்து வசனம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ராஜாவாக அழைக்கப்பட்டவர் உத்தரவு கேட்டு நிற்கிறார். அடுத்து ஒரு சோப்ரானோ தன் இதயத்தைத் திறக்கச் சொல்லிப் பாடுகிறாள்.

முடிவில்கூட மீட்பர் பிறந்துவிட்டதாக இசை சொல்வதில்லை. தாமதியாமல் வரச்சொல்லி அழைக்கிறது. வயலின்கள் உச்சத்துக்கு ஏற, சட்டென்று முடிந்துவிடுகிறது.

காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்பது பேச்சிப்பாறை அணைக்குக் கீழே பயிரிடுபவர்களுக்குத் தெரியும். கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் கால்வாய் தூர் வாரியிருக்க வேண்டும், வரப்பு வெட்டியிருக்க வேண்டும். மனசுக்கும் அந்த வேலை உண்டு. அதைச் செய்ய வைக்கும் பாட்டுகள் நம் பாட்டுப் புத்தகங்களிலும் இருக்கின்றன. நான்கு குரலில் பாடப் பழகிய பாடகர் குழுக்கள் நம் சபைகளில் இருக்கின்றன. முதல் ஞாயிறுகளில் அவர்கள் அவற்றைப் பாடட்டும். கேரல் டிரம் இரண்டு வாரம் பொறுக்கட்டும். தட்டும் சத்தம் கேட்க வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும்.