ஈரம் காயும் முன்

சின்ன டிராக்டர் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்கள் முதலில் சொல்வது ஏக்கர் கணக்குத்தான். "அஞ்சு ஏக்கர் தென்னைங்க, வாங்கிப் போட்டாக் கட்டுமுங்களா?" என்பார்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் வாடகைக்கு உழவு ஓட்டியவன் நான். இப்போது சொந்தமாக ஒரு 24 எச்.பி. வண்டி வைத்திருக்கிறேன். ஏக்கரை மட்டும் கேட்டுக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது. மழை விட்டு எத்தனையாவது நாள் உங்கள் தோப்பில் உழவு இறங்குகிறது? காய் வெட்டு முடிந்து எத்தனை நாள் காய் மரத்தடியில் கிடக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் வண்டி வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

உழவுக் கூலியை மட்டும் பார்த்தால் சின்ன வண்டி எந்நாளும் கட்டாது. 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம். பெரிய வண்டி ரொட்டவேட்டரோடு வந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். வருஷத்துக்கு மூன்று உழவு, அஞ்சு ஏக்கர், மொத்தம் 15 மணி நேரம். மணிக்கு 1,200 ரூபாய் கொடுத்தாலும் 18,000 ரூபாயில் முடிந்தது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டி கிடைத்தால் அதில் பாதிகூட ஆகாது. சொந்தமாக நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி, நாலடி ரொட்டவேட்டர், ஒரு டிரெய்லர் என்று எடுத்தால் 7 லட்சத்தை ஒட்டி வருகிறது. பத்து சதவீத வட்டி என்றாலும் முதல் வருஷ வட்டியே 70,000. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது நமக்கு நல்ல காரியம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் மானியம் உண்டு, அந்த வருஷம் ஒதுக்கீடு இருந்தால். ஆனால் பாதி விலைக்கே வந்தாலும் 18,000 ரூபாய் வேலைக்காக 35,000 ரூபாய் வட்டி கட்ட வேண்டியிருக்கும். உழவுக்காக என்று சொல்லிக்கொண்டு வாங்குபவர்களைத் தடுத்துவிடத்தான் பார்ப்பேன்.

பிறகு நீ ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். பதத்துக்காக. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால், எங்கள் செம்மண்ணில் இரண்டாம் மூன்றாம் நாள் மண் பதத்துக்கு வரும். நாலு விரல் ஆழத்தில் ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட்டுப் பார்க்க வேண்டும். விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் வண்டியை இறக்கலாம். உருண்டையாகவே கிடந்தால் இன்னும் ஈரம் அதிகம். அப்போது ரொட்டவேட்டரை விட்டால் மேலே பொடி மண்ணாக அழகாகத் தெரியும். ஆனால் கத்தி போன ஆழத்தில் கையை விட்டுத் தடவினால் கொத்தனார் கரண்டியால் பூசிய மாதிரி வழவழப்பாக இருக்கும். அந்தப் பூச்சுக்குக் கீழே அடுத்த மழை இறங்காது. பதம் தப்பிக் காய்ந்த பிறகு ஓட்டினாலும் தொல்லை. கட்டி உடையாது, எஞ்சின் திணறும், டீசல் போகும், புழுதி பறக்கும்.

இடையில் நமக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். அந்த நாட்களில் ஊரில் எல்லாத் தோப்பும் ஒன்றாகப் பதத்துக்கு வருகிறது, எல்லாரும் அதே நாலைந்து வண்டிகளைக் கூப்பிடுகிறார்கள். வாடகைக்கு ஓட்டிய காலத்தில் ஒருவர் தோப்பில் சரியான ஈரத்தில் ஓட்டும்போதே, அடுத்தவர் தோப்பு காய்ந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கடைசியில் அவர் கொடுப்பதும் அதே மணிக்கூலிதான், கிடைக்கும் உழவு வேறு. இந்த நஷ்டம் எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறாததால் யாரும் இதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பத்து நாள் தள்ளிப்போனால் தண்டு முற்றி நாராகிவிடும்.

வண்டி வாங்கி நன்றாக ஓட்டுபவர்களின் ஹவர் மீட்டரைப் பாருங்கள். உழவு நேரத்தைவிட டிரெய்லர் நேரம்தான் அதில் அதிகமாக ஏறியிருக்கும். காய் வெட்டு முடிந்தால் காயைக் களத்துக்குக் கொண்டுவர வேண்டும், விழுந்த மட்டையை அப்புறப்படுத்த வேண்டும், எருவு கொண்டுபோய் வட்டப்பாத்தியில் போட வேண்டும். தலைச்சுமைக்கு ஆள் கிடைக்காத காலம் இது. பெரிய வண்டிக்காரர் இப்படி அரை மணி, ஒரு மணி வேலைக்கு வரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, போய்வரும் டீசலுக்கே கட்டாது. இந்தச் சில்லறை வேலைகள் வாரத்தில் மூன்று நான்கு நாள் உள்ள தோப்புக்குச் சின்ன வண்டி சரியான துணை. ரொட்டவேட்டரை மட்டும் வாங்கி டிரெய்லர் வாங்காதவர்களின் வண்டி, ஒரு உழவுக்கும் அடுத்த உழவுக்கும் நடுவே செட்டில் நின்று பேட்டரி இறங்கிக் கிடப்பதை நிறையப் பார்க்கிறேன்.

சின்ன வண்டிதான் வேண்டும் என்று நிற்பவர்கள் ஒன்றை அளந்து பார்க்கட்டும். 25 அடி இடைவெளியில் இரண்டு பக்கமும் ஆறடி வட்டப்பாத்தி போக நடுவில் 13 அடி கிடக்கிறது. வெறும் தென்னை என்றால் அதில் பெரிய வண்டியே தாராளமாகப் போகும். இளம் தோப்பில் மட்டை தாழ்ந்து தொங்குவதும், நடுவே கொக்கோ, ஜாதிக்காய், வாழை நிற்பதும்தான் சின்ன வண்டிக்குக் காரணம். அப்புறம் எடை. 35 எச்.பி. வண்டி 1,700 கிலோ இருக்கும். சின்னது ஒரு டன்னைத் தொடாது. ஈர மண்ணில் அந்த வித்தியாசம் டயர் தடத்திலேயே தெரியும்.

எச்.பி.யைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரொட்டவேட்டரைச் சுற்றுவது வண்டியின் பின்னால் சுழலும் தண்டான பி.டி.ஓ.வில் வந்து சேரும் சக்தி, ஒரே எச்.பி. எழுதிய இரண்டு மாடல்களில் இதில் நாலைந்து எச்.பி. வித்தியாசம் இருக்கும். ஷோரூம் வாசலில் ஓட்டிக் காட்டுவது போதாது. உங்கள் தோப்புக்கே வரச்சொல்லி, மேடான இடத்தில், ரொட்டவேட்டரை மாட்டி, மண்ணில் இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். லிஃப்ட் 750 கிலோ தூக்கும் என்பார்கள். தூக்கும்போது முன்சக்கரம் தரையில் பதிந்து நிற்கிறதா என்று நீங்கள் பாருங்கள். பில்டரும் கிளட்ச் தட்டும் எந்த ஊரில் கிடைக்கும் என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

என் பெரிய கவலை வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றியது. வண்டி வீட்டிலேயே நின்றால் உழவு கூடிவிடுகிறது. புல் தலைகாட்டினால் ஓட்டுகிறார்கள், விருந்தாளி வந்தால் தோப்பு சுத்தமாக இருக்கட்டும் என்று ஓட்டுகிறார்கள். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப ஓட்டினால் அடியில் மண் இறுகித் தட்டாகிவிடும். கோரை உள்ள நிலத்தில் ரொட்டவேட்டர் விட்டால் கிழங்குச் சங்கிலி துண்டு துண்டாகி, ஒரு மூலையில் இருந்தது தோப்பு முழுவதும் பரவும். தென்னை உணவெடுக்கும் வேர்கள் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் அதிகம். புல் தெரியாமல் இருக்க வேண்டும் என்று வட்டப்பாத்திக்குள் வண்டியை விடுபவர்கள் அந்த வேர்களையே அறுக்கிறார்கள். அடுத்த சில மாதங்களில் மரம் குரும்பை கொட்டும்போது உரக்கடைக்கு ஓடுவார்கள்.

தஞ்சாவூர் வாடல் பிடித்த தோப்பில் இன்னும் கவனம் வேண்டும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் தெரியவந்த நோய் இது. மண்ணில் வாழும் கானோடெர்மா பூஞ்சையால் வருவது. அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிவதைக் கண்டால் அந்தத் தோப்பில் உழவே கூடாது, ஒரு மரத்துத் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் பாயவும் கூடாது. அப்படிப்பட்ட தோப்பிலிருந்து நேராக இன்னொரு தோப்புக்கு வண்டியை ஓட்டிப்போகச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். டயரையும் கத்தியையும் கழுவின பிறகுதான் போவேன்.

ஓட்டப் போவது யார் என்பதையும் வீட்டில் பேசிவிட வேண்டும். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. துண்டு நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால் கையை உதற நேரம் கிடையாது. சொட்டுநீர் டியூப் ரொட்டவேட்டரில் சுற்றிக்கொள்வது அன்றாடம் நடப்பது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி அறுப்பதுதான் முறை. சின்ன வண்டிக்கு அகலம் குறைவு. வரப்பைச் சாய்வாக ஏறினால் புரண்டுவிடும், நேராகத்தான் ஏற வேண்டும். தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பி உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள், அதோடு வரும் பெல்ட்டையும் போடுங்கள். பேரப்பிள்ளையை மட்கார்டில் உட்காரவைத்து ஓட்டுபவரைப் பார்த்தால் நான் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவேன், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

போன கோடையில் ஒரு அம்மா வந்தார். மூன்று ஏக்கர், வெறும் தென்னை, மகன் கோயமுத்தூரில் வேலை. "மழை பேஞ்சா வண்டி கெடைக்கறதே இல்லீங்க தம்பி" என்று அவர் சொன்னது உண்மைதான். வாங்க வேண்டாம் என்றேன். இரண்டு வாடகை வண்டிக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும், கூலியை அன்று சாயங்காலமே கொடுத்துவிடவும் சொன்னேன். பாக்கி வைக்காத தோப்புக்குத்தான் வண்டி முதலில் திரும்பும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. இடையில் வரும் புல்லுக்குப் பெட்ரோலில் ஓடும் புல் வெட்டும் மிஷின் ஒன்று போதும். வெட்டின புல் அங்கேயே மூடாக்காகக் கிடந்து ஈரத்தையும் காக்கும். கொக்கோ ஊடுபயிர் போடும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். மகனோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். போடுவதானால், செடி வைத்து இரண்டு வருஷம் போன பிறகு வண்டிப் பேச்சை எடுக்கலாம், அப்போது நானே கூட வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.