அம்மாவின் நரம்பில் ஏறிய கடோலினியம்

"கிரியேட்டினின் ரிப்போர்ட் இருக்கா தம்பி?"

ஸ்கேன் சென்டரில் நர்ஸ் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தீராத தலைவலி என்று அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்க வந்திருக்கிறோம். இதில் கிட்னி டெஸ்ட் எதற்கு? பில்லை ஏற்றுகிறார்கள் என்றே நினைத்தேன்.

"அம்மாவுக்கு சுகர் இருக்குல்ல... கான்ட்ராஸ்ட் ஊசி போடணும். கிட்னி எப்படி இருக்குனு பார்த்துட்டுத்தான் போடுவோம்" என்றார்.

ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். படிக்காமலே கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தை அப்போதுதான் படித்தேன். அதிலிருந்த பெயரை போனில் தேடினேன்.

கடோலினியம். அரிய மண் தனிமங்களில் ஒன்று, அணு எண் 64. சுவிட்சர்லாந்தின் மரின்யாக் 1880-ல் கண்டறிந்தது. வெள்ளி போல மின்னும் இந்த உலோகத்துக்கு ஒரு விநோத குணம் உண்டு. சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரும்பு மாதிரி காந்தமாகும். அதைத் தாண்டினால் அந்த குணம் போய்விடும். சென்னை வெயிலுக்குச் சரிப்படாத காந்தம்!

எம்.ஆர்.ஐ படம் உருவாவது நம் உடம்புத் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனிலிருந்து வரும் சிக்னலால். கடோலினியம் அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் 7 இருக்கின்றன. அவை பக்கத்திலிருக்கும் ஹைட்ரஜனின் சிக்னலை மாற்றுவதால், மருந்து கசிந்து சேரும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். மூளையில் கட்டியோ அழற்சியோ இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

ஆனால், தனி அயனியாக அது விஷம். உடம்பில் கால்சியம் செய்யும் வேலையில் குறுக்கிடும். அதனால் இன்னொரு மூலக்கூறுக்குள் இறுக்கிக் கட்டித்தான் ஊசியில் அனுப்புகிறார்கள். நல்ல கிட்னி ஒரே நாளில் பெரும்பகுதியை சிறுநீரில் தள்ளிவிடும். கிட்னி மிகவும் பழுதாகியிருந்தால் மருந்து உள்ளேயே தங்கும். கட்டு அவிழவும் வாய்ப்புண்டு. சில பழைய வகை மருந்துகளால் அப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் தோல் மரக்கட்டை போல இறுகி, மூட்டை மடக்க முடியாமல் போனது. இந்தத் தொடர்பு வெளியே தெரிந்தது 2006-ல்தான்.

போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். 15 வருட சுகர். கடைசியாக கிட்னி டெஸ்ட் எப்போது எடுத்தோம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 0.9. நர்ஸ் தலையாட்டினார். நான் போய் நன்றி சொன்னதும், எதற்கு என்பது போலப் பார்த்தார்.

ஸ்கேனில் பயப்படும்படி எதுவும் இல்லை. ஒற்றைத் தலைவலி என்றார் டாக்டர். அம்மாவுக்கு வேறு குறை. "ஊசி போட்டப்போ கைக்குள்ள ஜில்லுனு ஏறுச்சுடா. அதை விடு, காபிகூட வாங்கித் தராம ரெண்டு மணி நேரமா போன்ல அப்படி என்னத்தப் பார்த்தே?"