மலையொளி தேடிய இருவர்

விழா மலர்களில் கல்விமான்களையும் கொடையாளரையும் பற்றி எழுதுவதே மரபு. தமிழாசிரியர் எழுதப் புகுந்தால் சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு துறையை எடுத்துக்கொள்வார் என வாசகர் எதிர்பார்ப்பதும் இயல்பே. நாமோ இம்முறை, கமராவைத் தோளிலிட்டு மலைமீது ஏறிய ஒரு கணவனையும் மனைவியையும் பற்றி எழுதத் துணிந்தோம். அவர்கள் அமெரிக்கர், கலிபோர்னியா மாநிலத்தவர், நம் கல்லூரியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர். பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து நூலகத்துக்கு அனுப்பிய பெட்டியில், 'மலையொளி' எனப் பொருள்படும் தலைப்பையுடைய ஆங்கில நூலொன்று இருந்தது. 1986 ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது. படம் பார்க்கும் எண்ணத்தோடு அதனை விரித்த நாம், மூன்று நாட் கழித்தே நூலகரிடம் திருப்பிக் கொடுத்தோம். அன்று தொடங்கி, அவ்விருவரையும் பற்றிக் கிடைப்பனவற்றையெல்லாம் தேடிப் படித்து வருகிறோம்.

நூலாசிரியர் பெயர் கேலன் றோவெல். 1940 இல் ஒக்லண்ட் நகரிற் பிறந்தவர். தந்தையார் பல்கலைக்கழகப் பேராசிரியர். தாயார் செலோ என்னும் பெரிய நரம்பிசைக் கருவியில் வல்லவர், பலருக்கு அதனைக் கற்பித்தவர். அத்தகைய வீட்டுப் பிள்ளை, பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தும் பட்டம் பெறாமலே வெளியேறி, மோட்டார் வண்டி திருத்தும் சிறு நிலையமொன்றை நடத்தலாயிற்று. வாரம் முழுவதும் கையில் எண்ணெய்க் கறை. வார இறுதியில் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் கற்சுவர்களிற் கயிறும் ஆணியும். முதலிற் படம் எடுத்தது, தாம் ஏறிக் கண்டவற்றை வீட்டாருக்கும் நண்பருக்கும் காட்டுவதற்கே. 1972 இல் அந்நிலையத்தை விற்றுவிட்டுப் படப்பிடிப்பையே தொழிலாகக் கொண்டபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

மறு ஆண்டில், ஹாஃப் டோம் எனப்படும் பாறைமலையின் இரண்டாயிரம் அடிச் சுவரிலே தோழர் இருவரோடு ஏறினார். பாறையில் ஆணி அறையாமல், வெடிப்புகளில் உலோகக் கட்டைகளைச் செருகிக்கொண்டே உச்சியை அடைந்தனர். அறைந்த ஆணி பாறையில் வடு விட்டுச் செல்லும். செருகிய கட்டையையோ பின்வருபவர் கழற்றிக்கொண்டு போகலாம். அந்த ஏற்றத்தைப் பற்றிய அவரது கட்டுரையும் படங்களும் 1974 ஜூன் மாத 'நஷனல் ஜியோகிறபிக்' இதழிலே முகப்புக் கட்டுரையாக வந்தன. அதன்பின் அவர் பெயரை அறியாத இதழாசிரியர் அந்நாட்டில் அரிதாயினர்.

பார்வையாளராக ஒதுங்கி நின்று எடுப்பதன்று, பங்காளியாக உள்ளே நின்று எடுப்பதே தமது கலை என்று றோவெல் வற்புறுத்தி வந்தார். கயிற்றிலே தொங்கும் தோழனைப் படம் பிடிப்பவனும் அதே கயிற்றிலே தொங்குகிறான். அவன் விரல்களும் குளிரில் மரத்திருக்கின்றன. இதனைப் படித்தபோது நம் கல்லூரி விளையாட்டுப் படங்களை நினையாதிருக்க இயலவில்லை. இம்மலருக்காக அவற்றைச் சேகரிக்கும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டிருந்தது. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுச் சென்ற வீடுகள் எத்தனையோ. திரும்பி வந்தபோது கூரையே இல்லாத வீட்டில் அல்பத்தை எங்கே தேடுவது? எஞ்சியவை பதினேழு. அவற்றிற் பதினாறு, கைகட்டி வரிசையாய் இருக்கும் குழுப் படங்கள். நடுவே கிண்ணம், அருகே அதிபர். பந்து வானில் நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மங்கல். கமராவின் குறையென்று மட்டும் இதனைச் சொல்லிவிட முடியாது. ஸ்ரூடியோக்காரரை நாம் அழைத்ததெல்லாம் வென்ற பின்னரே. ஆட்டம் நடக்கையில் அவருக்கு மைதானத்திற் பாத்திரமில்லை. தோற்ற ஆண்டுகளுக்கோ படமே இல்லை.

றோவெலின் படங்களுள் உலகறிந்தது, 1981 இல் திபெத்தின் லாசா நகரில் எடுத்தது. பொற்றாலா அரண்மனையின் கூரையிலே வானவில்லின் கால் ஊன்றி நிற்கும் காட்சி அது. பார்த்தவர் பலர் 'என்ன அதிர்ஷ்டம்' என்பர். எம் சக ஆசிரியர், விஞ்ஞானம் கற்பிப்பவர், அங்ஙனம் சொல்லவில்லை. கரும்பலகையில் வரைந்து காட்டினார். வானவில் ஓரிடத்தில் நிலையாய் நிற்கும் பொருளன்று. கதிரவனை முதுகுப்புறமாக வைத்து நோக்குபவனின் தலைநிழல் விழும் திசையை நடுவாகக் கொண்டு, ஏறக்குறைய 42 பாகைக் கோணத்திலே அது தோன்றுகின்றது. அவன் நகர்ந்தால் வில்லும் உடன் நகரும். அருகருகே நிற்கும் இருவர் காண்பதும் உண்மையில் ஒரே வில்லன்று. றோவெலுக்கு இது தெரிந்திருந்தது. வில்லை முதலிற் கண்டபோது அது அரண்மனைக்கு அப்பால் எங்கோ நின்றது. வில்லை அரண்மனையின்மேற் கொண்டுவந்து வைக்க வேண்டுமாயின், தாம் எத்திசையில் எவ்வளவு தூரம் போக வேண்டுமென மனத்தால் அளந்து, ஏறக்குறைய 12,000 அடி உயரத்திலே, மூச்சுவிடவே அரிதான அந்தக் காற்றில், கமராவோடு ஓடினார். வில் மறையுமுன் ஓடி முடித்தார். இவ்விளக்கத்தைக் கேட்ட நாள்முதல் அப்படம் எமக்கு முன்னிலும் அழகாகத் தோன்றுகின்றது. அறிந்தால் வியப்புக் குறையும் என்பாரோடு எமக்கு உடன்பாடில்லை.

அவர் கையாண்ட கருவி பெரியதன்று. 35 மில்லிமீற்றர் நிக்கொன் கமரா, இலேசான வில்லைகள், ஓடும்போது மார்போடு கட்டிக்கொள்ள ஒரு பை. அக்காலச் சிலைட் பிலிம் ஒளி மிகுந்த வானத்தையும் இருண்ட பள்ளத்தாக்கையும் ஒருங்கே ஏற்காது. ஒன்று வெளுக்கும் அல்லது மற்றையது கறுக்கும். அதன் பொருட்டு, மேற்பாதி கருமை கொண்டு கீழ்நோக்கித் தெளிவடையும் கண்ணாடித் தகட்டை வில்லையின் முன் பிடித்தார். அத்தகடுகள் பின்னர் அவர் பெயராலேயே விற்பனைக்கு வந்தன. இன்று கைத்தொலைபேசி தானே செய்துகொள்ளும் வேலை இது.

இனிப் பாபரா. மலையேறுவோருக்கான உடைகளும் கூடாரங்களும் செய்யும் நோர்த் பேஸ் நிறுவனத்தில் மக்கள் தொடர்புப் பணியை நடத்திய பாபரா குஷ்மன், 1981 இல் கேலனை மணந்தார். படங்களை விற்கும் நிறுவனத்தின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. ஒப்பந்தங்கள், பயண ஏற்பாடுகள், கண்காட்சிகள், பயிற்சி வகுப்புகள் யாவற்றையும் அவர் கவனித்தார். தாமும் படம் எடுத்தார். கட்டுரையின் இப்பகுதியை எம் இல்லாள் படித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, அந்த மனுசன் ஓடினதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறியள், கணக்குப் பாத்தவவுக்கு ரெண்டு வரிதானோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆதலால் மேலும் சொல்கிறோம்.

பாபரா விமானம் ஓட்டக் கற்றார். செஸ்னா 206 என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானமொன்றைக் கலிபோர்னியாவிலிருந்து, தென்னமெரிக்காவின் தென்கோடியாகிய பற்றகோனியா வரை ஓட்டிச் சென்று மீண்டார். அவ்வனுபவத்தை அவர் எழுதிய நூல், வெறும் பயண நூலன்று. புகழ்பெற்ற ஒருவரின் நிழலில் வாழ்வதன் பாரத்தையும், தமக்கென ஒரு திறமையைத் தேடிக் கண்டதையும் மறைக்காமற் சொல்வது. மலையிலே கேலன் முன்னே செல்வார். வானத்திலோ பாபரா தலைவி, கேலன் வெறும் பயணி. மேகம் திரள்கையில், திரும்புவதா தொடர்வதா என்ற முடிவு பாபராவுடையது. மனைவியை வாழ்க்கைத்துணை என்று வாய் நிறையச் சொல்லும் நாம், நம் வீட்டு விமானத்தின் எந்த ஆசனத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறோம் என எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

2002 கோடையிற் கேலன் மீண்டும் திபெத்துக்குச் சென்றார். சிறு எனப்படும் திபெத்திய மான்கள் ஈனும் இடத்தைத் தேடி, றிக் றிஜ்வே, கொன்றாட் ஆங்கர், ஜிம்மி சின் ஆகியோரோடு, சாங்தாங் மேட்டுநிலத்திலே ஏறக்குறைய 275 மைல், இரு சக்கர வண்டிகளைத் தாமே இழுத்துக்கொண்டு நடந்தார். அம்மானின் மென்மயிரால் நெய்யும் சாத்தூஷ் சால்வைக்காக அவை ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டு வந்தன. ஈனும் இடம் தெரிந்தாலன்றிக் காத்தல் அரிது. நால்வருள் மூத்தவர் கேலனே. திரும்பிய பின், தம்பதியர் பெரிங் கடற் பகுதியிற் படப்பிடிப்பு வகுப்பொன்றை நடத்தி முடித்து, வீடு நோக்கிப் புறப்பட்டனர். சியெரா மலைத்தொடரின் கிழக்கடிவாரத்துச் சிற்றூராகிய பிஷப்பில், பழைய வங்கிக் கட்டடமொன்றிலே முந்திய ஆண்டுதான் தம் படச்சாலையை அமைத்திருந்தனர். ஆகஸ்ட் 11 ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளை, வாடகைக்கு அமர்த்திய சிறு விமானம் அவ்வூர் விமான நிலையத்தை அணுகுகையிலே தரையில் மோதிற்று. இருந்த நால்வரும் மாண்டனர். அன்று பாபரா ஓட்டவில்லை. கேலனின் அறுபத்திரண்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே இருந்தன. பாபராவின் நூல் அவர் மறைவின் பின், அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

அந்த நடையில் உடன் சென்ற ஜிம்மி சின்னின் வரலாறு நம் பெற்றோருக்குப் பழகியதாய்த் தோன்றும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய நூலகர் இருவரின் மகன் அவர். படித்து உத்தியோகம் பார்ப்பான் என எதிர்பார்க்கப்பட்ட பிள்ளை, பட்டம் பெற்ற பின் காருக்குள்ளே குடியிருந்து மலையேறியது. நண்பரின் கமராவால் எடுத்த ஒரு படம் விலைபோனதே தொடக்கம். பின்னர் அவரும் மனைவியார் எலிசபெத் சாய் வசர்ஹெலியும் சேர்ந்து, கங்கோத்திரியை அடுத்த மேரு சிகரத்தை ஏறியதைப் பற்றி 2015 இல் ஒரு படம் வெளியிட்டனர். 2017 ஜூன் 3 ஆம் திகதி அலெக்ஸ் ஹொனொல்ட் என்பவர் எல் கப்பிற்றன் என்னும் மூவாயிரம் அடிப் பாறையைக் கயிறின்றி ஏறியதைப் படமாக்கி, 2019 இல் ஒஸ்கார் விருதும் பெற்றனர். படம் பிடிப்பதே ஏறுபவன் கவனத்தைச் சிதைத்து அவனைக் கொன்றுவிடுமோ என்ற அச்சம் அப்படம் முழுவதும் ஓடுகின்றது. கமராவை இயக்கியவர்களுள் ஒருவர் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் காண்கிறோம்.

சென்ற ஆண்டு, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் எம்மைத் தேடி வந்தார். மகன் கமரா வேண்டுமென்று நிற்கிறான். அந்த எண்ணத்தை ஊட்டியவர் தமிழ் வாத்தியார் எனக் கேள்விப்பட்டாராம். "சேர், படம் பிடிக்கிறது ஒரு தொழிலோ? கலியாண வீடெண்டால் சரி" என்றார். நாம் நூலை விரித்து வைத்துக் கேலன், பாபரா கதையைச் சொன்னோம். பொறுமையோடு கேட்டவர், "அவையள் இப்ப எங்கை இருக்கினம்?" என்றார். மறைத்துச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் அந்த வானவில் படத்தைத் தம் பக்கமாகத் திருப்பி வைத்து, "இதை ஓடித்தானோ எடுத்தவர்?" என்று கேட்டார்.

"ஓம், ஓடித்தான்."

"எங்கடையவனும் நல்லா ஓடுவான்" என்று சொல்லி எழுந்தார். கமராவைப் பற்றி அன்று இருவரும் மேலும் ஒன்றும் பேசவில்லை.