அத்திக்கடவு: சுவரில் படித்த ஊர்

கருமத்தம்பட்டியில் அத்திக்கடவு என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. அந்த இடத்தை நேரில் பார்த்தவரைத் தேடினால்தான் சிரமம். அரை நூற்றாண்டுக்கும் மேலாக, தேர்தல் வந்தால் சுவருக்கு வெள்ளையடித்து, தண்ணீர்த் திட்ட வாக்குறுதியாக எழுதிய பெயர் அது. ‘அத்திக்கடவு தண்ணி வந்துட்டா’ என்று தொடங்கும் பேச்சைத் தாத்தாவும் பேசினார், அப்பாவும் பேசினார். வருமா வராதா என்று வாதாடிய வேகத்தில், அந்தத் தண்ணீர் புறப்படுவதாகச் சொன்ன இடம் எப்படி இருக்கும், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வனத்துறை நடத்தும் பரளிக்காடு பரிசல் சுற்றுலா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பில்லூர் அணையின் நீர்ப்பரப்பில் காலையில் பரிசல், மத்தியானம் மலைவாசிகள் சமைத்த சாப்பாடு, சாயங்காலம் அத்திக்கடவில் ஆற்றுக் குளியல். சனி, ஞாயிறுகளில் மட்டும்.

புறப்படும் ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோவையிலிருந்து அவினாசி போகும் தேசிய நெடுஞ்சாலை 544இல், கணியூர் சுங்கச்சாவடியைத் தாண்டினால் கருமத்தம்பட்டி. தெற்கே பிரிந்தால் சோமனூர், வடக்கே பிரிந்தால் அன்னூர். 2021இல்தான் நகராட்சி ஆனது. ஊரின் இதயத் துடிப்பு விசைத்தறி. பாவும் ஊடையும் வேறொருவர் கொடுக்க, கூலிக்குக் காடாத் துணி நெய்து தரும் குடும்பங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க உண்டு. கூலி உயர்வு கேட்டு 2022இலும் 2025இலும் வாரக்கணக்கில் தறிகள் நின்றபோது, அந்த நிசப்தத்தில் தூக்கம் வராமல் புரண்டவர்கள் இங்கே அதிகம்.

நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கவனிக்காத இன்னொன்று செபமாலை மாதா கோயில். இயேசு சபையாரின் மதுரை மிஷன் காலத்திலேயே இங்கே கிறிஸ்தவம் வேர்விட்டுவிட்டது. கோவை மறைமாவட்டத்தின் தொடக்க கால ஆயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் 1846 அக்டோபரில் திருநிலை பெற்றது இந்த ஊரில்தான். பிறகு பிரான்சுக்குத் திரும்பி, 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கினார். 1859இல் சியரா லியோனில் இறந்தார். லியோனுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கதை நீளும் ஊர், அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அத்திக்கடவைப் பார்க்காமலே இருந்துவிட்டது!

ஒரு வேனில் பன்னிரண்டு பேருக்குள் போவது நல்லது. அதற்கு மேல் போனால் கல்யாண வண்டி ஆகிவிடும். விடியலில் கிளம்பி அன்னூர் வந்தால், இருபுறமும் ஆயிரம் அடி துளைத்தும் ஈரம் காணாத ஆழ்துளைக் கிணறுகளின் கதைகள். மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்த மழையின் மிச்சத்தில் பிழைக்கும் மண் இது. காரமடை நெருங்கியதும் கறிவேப்பிலைத் தோட்டங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்த் தாளிப்புக்கு இங்கிருந்துதான் இலை போகிறது. வெள்ளியங்காட்டில் பாக்கும் வாழையும் தென்படத் தொடங்கும்போதே காற்று மாறிவிடுகிறது. அதற்கப்புறம் சோதனைச் சாவடி, கொண்டை ஊசி வளைவு, காடு. வேனில் பாட்டு அலறிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். யானைகளின் வழி அது; நாம்தான் குறுக்கே போகிறோம்.

பரளிக்காடு என்றால் கடைத்தெருவும் பேருந்து நிலையமும் உள்ள ஊரைக் கற்பனை செய்யவேண்டாம். பில்லூர் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருளர் குடியிருப்புகள் சில. தங்கள் குடியிருப்பை ‘பதி’ என்கிறார்கள். பெரியவரை ‘மூப்பன்’ என்கிறார்கள். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர். தீவு அல்ல, ஆனால் தீவைப் போலவே, வந்தவர் எத்தனை பேர், போனவர் எத்தனை பேர் என்று ஊருக்கே தெரியும் இடம். இறங்கியதும் சுக்குக் காபி தருகிறார்கள். நகரத்து ‘வெல்கம் டிரிங்க்’ போல ஜாலமில்லை. தொண்டையில் காரம் நிற்கும்.

பரிசலில் நாலைந்து பேர், துடுப்புப் போட ஒருவர். மிதவைச் சட்டை போடாமல் ஏற விடுவதில்லை. “எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க, அந்தப் பக்கம் அந்தண்ணன் கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று எடையைப் பார்வையாலேயே பிரித்து உட்காரவைப்பார் பரிசல்காரர். கரையை விட்டு நகர்ந்ததும் நம்மூர்க்காரர்களின் வாய் சற்று நேரம் அடைத்துப்போகிறது. பிறகு வழக்கம்போலக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். ஆழம் எவ்வளவு, மீன் என்ன விலை, இது நிறைந்தால் எத்தனை நாளைக்கு வரும்?

கேட்கவேண்டிய கணக்குதான். பில்லூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டதும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். மேட்டுப்பாளையம் ஆற்றங்கரையில் எச்சரிக்கை கொடுப்பார்கள். கனடா உதவியோடு எழுந்த குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு கண்ணி இது. 1960களின் பிற்பாதியில் கட்டி முடிந்தது. மின்சாரத்துக்காகக் கட்டிய அணைதான். பின்னாளில் கோவை மாநகரின் குடிநீருக்கும் இதுவே ஆதாரமாகி, பில்லூர் குடிநீர்த் திட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வளர்ந்துவிட்டது. மலையிலிருந்து வந்த வண்டல் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்றுகொண்டிருக்கிறது. தூர்வாருவது பற்றிய பேச்சு ஓயவில்லை. பரிசலிலிருந்து பார்த்தால் இதெல்லாம் தெரியாது. பச்சைத் தண்ணீரும், கோடையில் இறங்கிய மட்டத்தைக் காட்டும் செம்மண் விளிம்பும்தான் தெரியும்.

ஆறு பவானி. நீலகிரியின் மேற்குச் சரிவில் பிறந்து, கேரளத்துக்குள் அமைதிப் பள்ளத்தாக்கும் அட்டப்பாடியும் சுற்றி, மனம் மாறியதுபோலக் கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்கு வருகிறது. கேரளத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றுதான். அவற்றில் இது ஒன்று. இந்த ஆற்றின் வெள்ளக் காலத்து உபரியை மேட்டிலேயே மடக்கி, அன்னூர், அவினாசி, பெருந்துறை வழியாகக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோனால் என்ன என்பதுதான் அத்திக்கடவு யோசனை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும் என்று படிக்காத விவசாயிக்கும் புரிந்த யோசனை. காடு, செலவு, மாநிலங்களுக்கிடையேயான நதிநீர்ச் சிக்கல் எனத் தடைகள் அடுக்கடுக்காக வந்தன. 2016 பிப்ரவரியில் அவினாசியில் நடந்த உண்ணாவிரதத்தில் வயதானவர்களும் கைக்குழந்தையோடு பெண்களும் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்கு, இது வெறும் பாசனக் கோரிக்கை அல்ல என்பது புரிந்திருக்கும்.

2019இல் திட்டத்துக்கு அடிக்கல்; 2024 ஆகஸ்ட் 17இல் தொடக்க விழா. 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டைகள், ஆறு நீரேற்று நிலையங்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடிக் குழாய், ஆண்டுக்கு ஒன்றரை டிஎம்சி உபரி நீர். எல்லாம் சரி. ஆனால் தண்ணீர் எடுப்பது அத்திக்கடவில் இல்லை! பவானி ஆறு பில்லூரையும் பவானிசாகரையும் கடந்து, ஈரோடு மாவட்டத்தில் காலிங்கராயன் அணைக்கட்டையும் தாண்டிய பிறகு, அதன் கீழே எடுத்து, மேடு நோக்கி மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள். சரிவில் தானாக வரவேண்டிய தண்ணீர் மின்கட்டணம் செலுத்தி மேலே ஏறுகிறது. பெயர் மட்டும் இங்கே. கீழ்ப்பவானிப் பாசனத்தாருக்கு, அவர்கள் தேவை போக மிச்சத்தைத்தான் எடுக்கிறோம் என்று உறுதி கொடுக்க இந்த ஏற்பாடு வசதி என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் பரிசலில் நடுத்தண்ணீரில் இதைக் கேட்ட நம்மூர்ப் பெரியவர் ஒருவர், “அப்ப இத்தன வருசம் நாம செவுத்துல எழுதுனது எந்த ஊருங்க?” என்றார். பரிசல்காரர் சிரித்துக்கொண்டே துடுப்பைத் திருப்பினார்.

சாப்பாட்டைத் தலை எண்ணித்தான் சமைக்கிறார்கள். முன்பதிவு இல்லாமல் வந்து நிற்பவர்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் கிடைக்கும். சமைப்பதும் பரிமாறுவதும் அங்கத்திய பெண்கள். கோழிக் குழம்பும் கேசரியும் வந்தவர்களின் திருப்திக்கு. அவர்களுடைய சாப்பாடு ராகிக் களியும் கீரையும். களியைக் கண்டதும் முகம் சுளிக்கிற குழந்தைகளுக்கு, “கண்ணு, கடிக்காத, குழம்புல முக்கி முழுங்கு” என்று சொல்லித் தருகிறார்கள். நாற்பது வருடம் முன்னால் நம் வீட்டுப் பாட்டிகளும் இதையே சொன்னார்கள் என்பது களியை மறந்துபோன கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் நினைவு வருகிறது.

இந்த மாதிரிச் சுற்றுலாவை ஸ்காட்லாந்து தீவுகளில் நடப்பதோடு வைத்துப் பார்க்கலாம். மேற்குக் கடலில் செயின்ட் கில்டா என்று ஒரு தீவுக் கூட்டம். ஹாரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் கொள்ளும் சிறு படகில் போய், சில மணி நேரம் சுற்றித் திரும்புகிறார்கள். கடல் அனுமதித்தால்தான் பயணம். இறங்கியதும் காவலர் ஒருவர் விதிமுறை சொல்கிறார். ஆனால் அந்த ஊரில் பேச ஊர்க்காரர் கிடையாது. 1930 ஆகஸ்ட் 29இல் மிச்சமிருந்த 36 பேரும், தாங்களே கேட்டுக்கொண்டபடி, கப்பலேறிப் போய்விட்டார்கள். கூரையிழந்த வீடுகளைக் காட்டுகிறார்கள். அதே கடலில் எக் என்ற தீவின் மக்கள் வேறு வழி கண்டார்கள்; 1997இல் தீவையே குடியிருப்பவர்கள் பங்கேற்ற அறக்கட்டளை விலைக்கு வாங்கிவிட்டது. பிறகு மின்சாரமும் அவர்களே தயாரித்துக்கொண்டார்கள். தீவைப் பற்றிய முடிவுகளில் அவர்கள் குரல் இருக்கிறது.

பரளிக்காடு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊரில் ஆள் இருக்கிறார்கள், பரிசலோட்டுபவரும் வழிகாட்டியும் சமையல்காரியும் அந்த மண்ணில் பிறந்தவர்கள், வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் உண்டு. ஆனால் கட்டணமும் முன்பதிவும் தேதியும் வனத்துறை கையில். 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் கொடுத்த இடத்தை வைத்துப் பார்த்தால், இது முதல் படிதான் என்பது என் எண்ணம். பதிகளே கணக்கு எழுதும் நாள் வரவேண்டும். எனினும் ஊட்டியில் ஒரு நாளும் பரளிக்காட்டில் ஒரு நாளும் கழித்தவர்களுக்கு வித்தியாசம் தானாகத் தெரியும். இங்கே வரிசை இல்லை, ‘போட்டோ பாயிண்ட்’ இல்லை, சனி ஞாயிறு தவிர மற்ற நாளில் ஊர் ஊராகவே இருக்கிறது.

சாயங்காலம் அத்திக்கடவு. பாலமும் பாறையும் நீர்மருதும், இடுப்பளவுத் தண்ணீரும். இவ்வளவுதானா என்று ஒரு நொடி தோன்றும். அணையோ மதகோ ஒன்றும் இல்லை. குளிக்க இறங்கினால் குளிர் எலும்பைத் தொடும். எந்த இடத்தில் இறங்கலாம் என்பதை வழிகாட்டி சொல்லும்வரை கரையில் நிற்கவேண்டும். மேலே கேரளப் பக்கம் மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே ஆறு பெருகும். மருதமரத்தில் மலையணில் தாவினால் விசில் அடிக்காதீர்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தென்மேற்குப் பருவமழை வலுத்து அணை நிரம்பினாலும், கோடையில் மட்டம் ரொம்பக் கீழே போனாலும் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் வரும் மார்கழி, தை மாதங்கள் தோது. மாற்றுத் துணியும் தொப்பியும் போதும். பிளாஸ்டிக்கும் மதுவும் சாவடியிலேயே தடுக்கப்படும். கைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத இடம், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இருட்டுவதற்குள் சாவடியைக் கடந்து இறங்கிவிடவேண்டும். தறி ஓட்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள், சனிக்கிழமை கூலிப் பட்டுவாடாவை விட்டுவிட்டு வரமுடியாது.